உற்பத்தி வீழ்ச்சியின் கணிதமும் சப்பிரகமுவ இறப்பர்த் தோட்டங்களும்

இலங்கை 1970 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 159,000 தொன் இறப்பரை உற்பத்தி செய்தது. 2000 ஆம் ஆண்டில் அத்தொகை ஏறக்குறைய 88,000 தொன்னாகச் சுருங்கிற்று. 2011 இல் மீண்டும் 158,000 தொன்னாக உயர்ந்தது. 2022 இல் 71,000 தொன் அளவிற்கு வீழ்ந்தது. இவை நாடு முழுவதற்குமுரிய தொகைகளே. ஆயினும் இறப்பர் நிலத்தின் பெரும்பகுதி கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை ஆகிய மூன்று மாவட்டங்களில் அமைந்திருத்தலின், அவற்றுள் முன்னைய இரண்டையும் தன்னகத்தே கொண்ட சப்பிரகமுவ மாகாணத்தின் வரலாறும் இவ்வெண்களினுள்ளே பெருமளவு பொதிந்துள்ளது எனலாம்.

இவ்வேற்ற இறக்கங்களுக்குக் காரணம் யாது என வினவின், மரங்கள் முதுமையடைந்தன என்னும் விடையே எளிதிற் கிடைக்கின்றது. தோட்டத் துரைமாரும் கம்பனி அறிக்கைகளும் அரச ஆணைக்குழுக்களும் காலந்தோறும் கூறிவந்த விடை அது. அதனைப் பொய்யென ஒதுக்குதல் இயலாது. எனினும் வீழ்ச்சியில் மரத்தின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய முயன்றோர் சிலரே. அவ்வாறு பிரித்தறிவதற்கு ஒரு முறை வேண்டும். அம்முறை முதிர்ச்சியுற்றது இறப்பர் ஆராய்ச்சியில் அன்று. பூமியின் அடியிலிருந்து எண்ணெய் எடுப்போரின் கணக்குப் புத்தகங்களிலேயே அது வளர்ந்தது. ஆதலின் சப்பிரகமுவவின் வரலாற்றை நோக்குமுன் எண்ணெய்க் கிணற்றின் கணிதத்தைச் சிறிது அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து.

ஏனைய தொழில்கள் யாவற்றிலும் உற்பத்தி வளர்ச்சியே இயல்பெனக் கருதப்படும். எண்ணெய்த் தொழிலில் வீழ்ச்சியே இயல்பு. கிணறு தோண்டப்பட்ட தொடக்க நாட்களில் பாறையினுள் அடைபட்டிருக்கும் அமுக்கம் எண்ணெயை வலிந்து மேலே தள்ளும். எண்ணெய் வெளியேற வெளியேற அமுக்கம் தளரும். அமுக்கம் தளர நாளாந்த விளைவு குறையும். இக்குறைவில் ஓர் ஒழுங்கு உண்டென்பதை அமெரிக்கப் பொறியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டனர். 1918 இல் லூயிஸ், பீல் என்போரும் 1924 இல் கட்லர் என்பவரும் இவ்வொழுங்கை ஆராய்ந்தனர். 1945 இல் ஜே. ஜே. ஆர்ப்ஸ் என்பார் அவர்தம் முடிவுகளைத் தொகுத்து, வீழ்ச்சி வளையிகளை மூவகையாகப் பகுத்தார். முதலாவது அடுக்குக்குறி வீழ்ச்சி. ஒவ்வோராண்டும் எஞ்சியிருப்பதில் ஒரே வீதம் குறைந்து செல்வது இது. கூட்டு வட்டிக் கணக்கைத் தலைகீழாக நிறுத்தினாற் போன்றது. ஆண்டுக்குப் பத்து வீதம் குறையும் கிணறு நூறு பீப்பாயில் தொடங்கினால் அடுத்த ஆண்டு தொண்ணூறும் அதற்கடுத்த ஆண்டு எண்பத்தொன்றும் தரும். ஏனைய இரண்டும் அதிபரவளைவு வீழ்ச்சி, இசை வீழ்ச்சி என்பன. அவற்றில் வீழ்ச்சியின் வீதமே நாளடைவில் தணிந்து செல்லும். கடந்த சில ஆண்டுகளின் விளைவைத் தாளிற் குறித்துக் கோட்டை வலப்புறமாக நீட்டினால் வருங்காலம் தெரியும் என்பது இம்முறையின் சாரம்.

இதனோடு அமையாது, பாறையின் நடத்தையையே ஒரு மாதிரியில் நிகழ்த்திப் பார்க்கும் முயற்சியும் எழுந்தது. 1943 இல் புரூஸ் என்பார் மின்தடைகளையும் மின்கொள்ளளவிகளையும் இணைத்து, எண்ணெய் செறிந்த பாறையைப் போல நடந்துகொள்ளும் மின்கருவி ஒன்றை விவரித்தார். 1955 இல் பீஸ்மன், ராச்போர்ட் ஆகிய இருவர் பாறையைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்திலிருந்து கட்டத்திற்குப் பாயும் திரவத்தைக் கணனியாற் கணிக்கும் வழியை வகுத்தனர். இன்று வழங்கும் மாதிரிக் கணிப்புகள் அவ்வழியில் வந்தவை.

கடலினுள் அமைந்த சிறு வயல்களில் இக்கணிப்பு மிகவும் இடர்ப்பாடு உடையது. கிணறுகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுள் முடிந்துவிடக்கூடும். ஒரு கிணற்றில் நீர் புகுந்தாற்கூட முழுக் கணக்கும் பிழைத்துப்போகும். எல்லாவற்றிற்கும் மேலாக, எண்ணெய் குறையக் குறைய மேடையையும் கப்பலையும் பேணும் செலவு குறைவதில்லை. வருமானமும் செலவும் சமமாகும் புள்ளியைப் பொருளாதார எல்லை என்பர். அப்புள்ளியை எய்தியதும் பாறையில் எண்ணெய் எஞ்சியிருப்பினும் வயல் கைவிடப்படும். காவிரிப் படுகையின் கடற்பகுதியில், புதுச்சேரிக்குத் தெற்கே அமைந்த பி.வை.-3 என்னும் சிறு வயல் 1997 இல் உற்பத்தியைத் தொடங்கி 2011 யூலையில் நிறுத்தப்பட்டது. எண்ணெய் முற்றாகத் தீர்ந்தமை அதற்குக் காரணமன்று. வளையி எங்கு முடிகின்றது என்பதைப் பாறை மட்டும் தீர்மானிப்பதில்லை. விலையும் செலவும் உடன்படிக்கைகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. ஹபர்ட் என்னும் புவியியலாளர் 1956 இல் அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1965 க்கும் 1970 க்கும் இடையில் உச்சம் எய்தும் என்றார். 1970 இல் அது உச்சம் எய்தியபோது அவரது புகழ் பரவியது. ஆனால் களிப்பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை வந்தபின், 2018 அளவில் அந்நாட்டின் உற்பத்தி அவ்வுச்சத்தையும் கடந்து சென்றது. பாறையின் கணக்கே இவ்வாறு தடம்புரளுமாயின் தோட்டத்தின் கணக்கைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

சப்பிரகமுவவில் எண்ணெய்க் கிணறு எதுவும் இல்லை. இலங்கையில் எண்ணெய் தேடும் முயற்சி 1970 களில் சோவியத் உதவியுடன் மன்னார்ப் பேசாலையில் நடைபெற்றது. 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் இரு கிணறுகளில் வாயு கண்டறியப்பட்டது. அவை வணிக உற்பத்தியாக மலரவில்லை. எனினும் கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் நிற்கும் ஒவ்வோர் இறப்பர் மரமும் ஒரு வகையில் நிலத்தின் மேல் நிற்கும் கிணறே. இஃது அணிநயம் கருதிக் கூறிய உவமையன்று. மரப்பட்டையினுள் ஓடும் பால்நாளங்களில் பால் அமுக்கத்துடன் அடைபட்டிருக்கின்றது. தாவரவியலாளர் இதனை வீக்க அமுக்கம் என்பர். விடியற்பொழுதில் அது வளிமண்டல அமுக்கத்தின் பத்து மடங்கையும் எட்டும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க இழக்க அவ்வமுக்கம் தளரும். இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுத் தொழிலாளர் மலையேறுவதன் காரணம் இதுவே. கத்தி பட்டையில் பட்டவுடன் பால் விரைந்து பாயும். சில மணி நேரத்தில் மெலிந்து, வெட்டுவாயில் உறைந்து நின்றுவிடும். ஆர்ப்ஸ் வரைந்த வளையியை ஒவ்வொரு மரமும் நாள்தோறும் காலைப்பொழுதினுள் ஒருமுறை வரைந்து முடிக்கின்றது.

வேறுபாடும் உண்டு. கிணறு நிரம்புவதில்லை, மரம் மறுநாளே நிரம்பத் தொடங்கும். ஆகவே மரத்தில் தீர்ந்துபோகும் செல்வம் பால் அன்று, பட்டையே. அரைச்சுற்று வெட்டில் ஒன்றுவிட்ட ஒருநாள் வெட்டினால் ஒரு பக்கத்துக் கன்னிப்பட்டை ஐந்தாறு ஆண்டுகளுக்கு வரும். பின்னர் மறுபக்கம், அதன்பின் முதற்பக்கத்தில் வளர்ந்த புதுப்பட்டை. நட்ட மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் செல்லும்; அதன்பின் உச்சத்தை எய்தி, முப்பதாம் ஆண்டளவில் பயன் ஒடுங்கும். இவ்வளையியின் வடிவம் வெட்டுபவரின் கையிலும் தங்கியுள்ளது. உள்ளிருக்கும் வளர்படையிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தூரத்தில் கத்தி நிற்கவேண்டும். அதற்குமேல் ஆழ்ந்தால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அப்பட்டையை மறுமுறை வெட்டமுடியாது. நாளொன்றிற்கு முந்நூறு மரமளவில் வெட்டும் ஒருவரின் கைத்திறன் பத்தாண்டுகளுக்குப் பின் வரும் விளைவைத் தீர்மானிக்கின்றது. எந்த எண்ணெய்க் கிணற்றிலும் தொழிலாளி ஒருவரின் விரல்களுக்கு இத்துணை அதிகாரம் இல்லை. கணக்கிலோ அவர் செலவுப் பக்கத்தில் மட்டுமே இடம்பெற்றார்.

இறப்பருக்கு முன்பே வீழ்ச்சியின் பாடம் ஒன்று இம்மாகாணத்தில் கற்பிக்கப்பட்டிருந்தது. பென்சிற்கரி எனப்படும் காரீயம் கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்திலும் பிறவிடங்களிலும் எடுக்கப்பட்டு, உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்காக ஏற்றுமதியாயிற்று. முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1916 இல், இலங்கையின் ஏற்றுமதி ஏறத்தாழ 33,000 தொன்னாக உயர்ந்தது. போர் முடிந்ததும் சரிந்தது. மடகஸ்காரின் மலிவான காரீயம் போட்டியிட்டமையும் உருக்குத் தொழிலின் முறைகள் மாறியமையும் காரணங்களாகும். சுரங்கம் வற்றிவிட்டது என எவரும் அன்று கூறியிருப்பின் அது பிழையாகியிருக்கும். போகலைச் சுரங்கம் 1971 இல் அரசுடைமையாகி, பின்னர் தனியாரிடம் சென்று, நானூறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இந்நூற்றாண்டிலும் காரீயம் தந்துவருகின்றது.

இறப்பர் விதைகள் 1876 இல் விக்கம் என்பவரால் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூப் பூங்காவிற்குக் கொண்டுவரப்பட்டு, அவ்வாண்டிலேயே நாற்றுகளாக இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தை அடைந்தன. வணிகப் பயிராக அது களனி, களு கங்கைகளின் மேற்பள்ளத்தாக்குகளில் பரவியது இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிலாகும். தேயிலை மலைகளைப் போலன்றிச் சப்பிரகமுவவின் இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு ஊடும் பாவுமாகக் கலந்து கிடந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்து லயங்களிற் குடியேறிய தமிழ்த் தொழிலாளரோடு அயற்கிராமத்தவரும் வெட்டுக்கு வந்தனர். நுவரெலியாவிலும் அற்றனிலும் போல இங்குத் தமிழர் செறிந்து வாழவில்லை. சிறுசிறு தோட்டங்களில் சிதறியிருந்தனர். பின்னாளில் இச்சிதறலே அவர்தம் பாதுகாப்பின்மைக்கு ஏதுவாயிற்று.

வளையியை மனிதர் வளைத்த முதற் பெருநிகழ்ச்சி இரண்டாம் உலகப் போராகும். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பரும் பின்னர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியாவின் இறப்பரும் யப்பானியர் கைப்பட்டன. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முதன்மையான ஊற்று இலங்கை ஒன்றே. ஆண்டுக்கு ஏறத்தாழ 100,000 தொன் வேண்டப்பட்டது. பழைய மரங்களை, நாளையைக் கருதாது, பட்டையின் எல்லாப் பக்கத்திலும் உயரத்திலும் வெட்டிப் பால் வடிக்குமாறு பணிக்கப்பட்டது. துரைமார் இதற்கு இட்ட ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கின் 'கொலைவெட்டு' என்றாகும். எண்ணெய்த் துறையில் இதற்கு ஒப்பான செயல், கிணற்றின் வாயை முழுதாகத் திறந்துவிட்டு அமுக்கத்தை ஒரேயடியாகச் செலவிடுதலாம். போர் ஆண்டுகளின் உயர்ந்த விளைவு பிந்திய பத்தாண்டிலிருந்து கடன் வாங்கப்பட்டது. போர் முடிந்தபோது சப்பிரகமுவவின் பல மலைகளில் நின்றவை பால் வற்றிய மரங்களே. அவற்றை முதுமையென்று கணக்கில் எழுதுதல் பொருந்துமா என்பது வினாவிற்குரியது.

மரங்களுக்கு நேர்ந்தது மனிதருக்கு நேரத் தொடங்கியதும் அக்காலத்திலேயே. 1946 இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தின் ஒரு பகுதியை அரசு கிராம விரிவாக்கத்திற்காகச் சுவீகரித்தது. அங்குக் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். குற்றமுறை அத்துமீறல் என வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை இந்தியர் காங்கிரஸ் வேலைநிறுத்தத்திற்கு அழைப்பு விடுத்தது. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. வேறு புகலிடமின்றித் தன் வீட்டிலேயே தங்கியிருந்தவரின் நோக்கம் எவரையும் துன்புறுத்துதல் அன்று எனக் கொண்ட அக்கழகம் தண்டனையை நீக்கியது. குடியியல் உரிமையை நிலைநாட்டக் குற்றவியற் சட்டத்தைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்தலாகாது என்னும் அத்தீர்ப்பின் கருத்து இலங்கைச் சட்ட மாணவர் இன்றும் கற்பது. ஆயின் தீர்ப்பு வருமுன்னரே 1948 இன் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரின் இனத்தாருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. நிலம் கைமாறும்போது மரங்களுக்கு மதிப்பீடு இருந்தது. லயத்து மக்களுக்கு இருக்கவில்லை.

வீழ்ந்த வளையியை மீண்டும் நிமிர்த்தியது 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர் - அரிசி உடன்படிக்கையாகும். ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி என்னும் இவ்வுடன்படிக்கை சந்தை விலைக்கு மேற்பட்ட விலையை இலங்கைக்கு ஈட்டித் தந்தது. அடுத்த ஆண்டிலேயே, 1953 இல், மீள்நடுகை மானியச் சட்டம் நிறைவேறியது. ஏக்கருக்கு ஆண்டொன்றில் 400 அல்லது 500 இறாத்தல் தந்த பழைய விதைக்கன்று மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டு, அதனினும் இருமடங்கு தரவல்ல பி.பி. 86 முதலிய ஒட்டுக்கன்றுகள் நடப்பட்டன. அகலவத்தை டாட்டன்பீல்டில் அமைந்த இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் பணி இதில் பெரிது. அவ்வாறு நடப்பட்ட கன்றுகள் உச்ச விளைவுக்கு வந்த காலமே 1970 ஐ ஒட்டிய காலம். தொடக்கத்திற் கூறிய 159,000 தொன் இவ்வாறு விளைந்தது. மேலும் ஒரு முப்பதாண்டுக்குப் பின் இம்மரங்கள் ஓயும் என்பதும், அதற்குள் ஆண்டுதோறும் மூன்று வீத நிலத்தையாவது மீள நட்டுவரவேண்டும் என்பதும் எவரும் கணித்திருக்கக்கூடிய உண்மையே.

அக்கணக்கின்படி நடைபெறாமைக்குக் காரணங்கள் தோட்டங்களுக்கு வெளியே தோன்றின. தேசியமயம் வரும் என்ற ஐயம் எழுந்தபின் முப்பது ஆண்டுகளுக்குப் பயன்தரும் கன்றை நட எந்தக் கம்பனியும் முந்தவில்லை. 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் காணிக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்தது; 1975 இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. சீர்திருத்தத்தின் நோக்கத்தைக் குறை கூறுதல் எளிதன்று. வெளிநாட்டுக் கம்பனிகளின் ஆதிக்கம் நீங்கவேண்டியதே. ஆயினும் அது நிகழ்ந்த விதம் தொழிலாளரைப் பொறுத்தவரை கொடிதாயிற்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினிக்கு உள்ளாக்கியது. காணிகள் கைமாறிய குழப்பத்தில் வேலையும் வீடும் இழந்தோர் பலர்.

இதற்கு முன்பே, 1964 ஒக்ரோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டிருந்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். மனிதரைத் தொகையாக எழுதி வகுத்த கணக்கு இது. 1977 ஓகஸ்டில் இனவன்செயல் தோட்டங்களையும் தாக்கியது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட மக்கள் குறிவைத்துத் தாக்கப்பட்டனர். காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்ந்தோருக்கு ஓடுவதன்றி வழியிருக்கவில்லை. ஒரு பகுதியினர் வவுனியாக் காடுகளுக்குச் சென்றனர். பலர் இந்தியாவிற்குப் போக மனுச்செய்தனர்.

அவ்வாறு போனோர் எங்கே சென்றனர் என்பதை உற்பத்தி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வினவுவதில்லை. ஒரு பகுதியினர் சென்றவிடமும் இறப்பர் மலைகளே. தாயகம் திரும்பியோருக்கென 1976 இல் கேரளத்துப் புனலூரில் புனர்வாழ்வுத் தோட்டக் கம்பனி நிறுவப்பட்டது. கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் அம்மாநில வனவளர்ச்சிக் கழகம் அவர்களைக் கொண்டு இறப்பர் பயிரிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் 1984 இல் அமைந்த அரசு இறப்பர்க் கழகத்திலும் அவர்கள் வேலை பெற்றனர். இலங்கை மலைகளிற் பழகிய கைத்திறன் கடல் கடந்து வேறு மரங்களை வெட்டியது. அங்குப் பெருகிய விளைவின் ஒரு பகுதி இங்குக் குறைந்த விளைவே. எண்ணெய் வயலொன்றின் அமுக்கத்தைக் குழாய் வழியே மற்றொரு வயலுக்கு மாற்றுதல் எவராலும் இயலாது. இங்கு அது நிகழ்ந்தது. ஆயினும் உற்பத்திப் புள்ளிவிபரத்தில் அதற்கென ஒரு நிரல் இல்லை.

இனி ஆர்ப்ஸின் முறையை இவ்வெண்களில் இட்டுப் பார்க்கலாம். 159,000 தொன் முப்பது ஆண்டுகளில் 88,000 தொன்னாகக் குறைந்தது. அடுக்குக்குறி வீழ்ச்சியெனக் கொள்ளின் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வீதம். 2000 ஆம் ஆண்டில் ஒருவர் இக்கோட்டை மேலும் பதினோராண்டுகளுக்கு நீட்டியிருந்தால் 2011 க்கு ஏறக்குறைய 70,000 தொன் என்னும் விடையைப் பெற்றிருப்பார். உண்மையில் விளைந்தது 158,000 தொன், கணிப்பின் இருமடங்கிற்கும் மேல். அவ்விடைவெளியில் பெருந்தொகைப் புதுமரங்கள் திடீரென முளைத்துவிடவில்லை. உலகச் சந்தையில் இறப்பரின் விலை பன்மடங்கு உயர்ந்தது; கைவிடப்பட்டுக் கிடந்த மரங்களுக்குக் கத்தி திரும்பி வந்தது. அவற்றுட் பல சிறுதோட்டக்காரரின் மரங்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. இன்று நாட்டின் இறப்பரிற் பெரும்பங்கைத் தருவோர் அவர்களே.

2011 இன் பின் விலை சரிந்தது. 158,000 தொன்னுக்கு ஆண்டுதோறும் ஏழு வீதம் கழித்துக்கொண்டு பதினொரு முறை சென்றால் 71,000 என்னும் 2022 இன் தொகை கிடைக்கும். தாளில் வரைந்தால் சிறு எண்ணெய் வயலொன்றின் வீழ்ச்சியாகவே தோன்றும். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளை நோக்குவோருக்கு வேறு காட்சி தெரியும். சரிவின் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிட்டது. 2014 இலேயே உற்பத்தி 100,000 தொன்னுக்குக் கீழ் இறங்கியது. எந்த மரமும் மூன்றாண்டில் முதுமை எய்துவதில்லை. வெட்டுவது நின்றது. 2000 இல் நீட்டப்பட்டிருக்கக்கூடிய கோடு 2011 க்குச் சொல்லியிருக்கும் தொகையை நாடு பதினோராண்டு தாமதித்து எட்டியது தற்செயலே. அதனைக் கண்டு கோடு வென்றதென்று கொள்ளுதல் தவறு.

பொருளாதார எல்லை என்னும் கருத்து இவ்விடத்தில் மீண்டும் துணைபுரிகின்றது. இறப்பர் மலையொன்றில் செலவின் மிகப் பெரிய கூறு வெட்டுக்கூலி. கூலி தாழ்ந்திருக்கும்வரை குறைந்த பால் தரும் மரமும் இலாபம் தரும். எல்லை பின்னே தள்ளிப்போகும். காலனித்துவ காலத்துக் கம்பனிகளும் பின்வந்த அரச கூட்டுத்தாபனங்களும் கிழமரங்களை இத்துணைக் காலம் நிறுத்திவைத்திருக்க முடிந்தது அதனாலேயே. மீள்நடுகைக்குச் செலவிடாது மிச்சம்பிடித்த பணம் லயத்துக் குடும்பங்களின் உணவிலிருந்து எடுக்கப்பட்டதென்று கூறின் மிகையாகாது. மழையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் இம்மாகாணத்தில் வெட்டுவாய் நனைந்த காலைகளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளிற் பேரும் இல்லை. 1970 அளவில் எதெபோன் என்னும் ஊக்கி மருந்து வந்தபோது, பட்டையிற் பூசிப் பால் ஓடும் நேரத்தை நீட்ட முடிந்தது. அளவறிந்து பூசினால் பயன் உண்டு. அளவு மீறினால் வெட்டுப்பட்டை காய்ந்துபோகும். விலை நல்ல ஆண்டுகளில் அளவு மீறும் ஆசை எவருக்கும் வரும்.

தொழிலாளரின் பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்று, அவிசாவளையிலும் கொழும்பிலும் வேலை தேடத் தொடங்கியபின் எல்லை முன்னோக்கி நகர்ந்தது. 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றதும், 2003 இன் சட்டம் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைச் சிக்கலுக்கு முடிவு தந்ததும் இம்மாற்றத்தின் பின்னணியில் அமைந்தவை. வாக்குரிமையும் நகரத்து வேலைவாய்ப்பும் பெற்ற இளைஞன் ஒருவன் இருளில் மலையேற மறுப்பதை ஆட்பற்றாக்குறை எனக் கம்பனிகள் குறைபட்டுக்கொள்கின்றன. முன்னைய எண்பது ஆண்டுகளில் ஆள் மலிந்திருந்தமைக்குக் காரணம் வேறிடம் செல்லும் வழி அடைபட்டிருந்தமையே என்பதை அக்குறைபாட்டினர் நினைவுகூருவதில்லை.

அண்மைக் காலத்தில் மரத்தின் பங்கும் கூடியுள்ளது. 2019 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட வட்டப்புள்ளி இலையுதிர் நோய், ஈரமிக்க மாவட்டங்களில் மரங்களைப் பருவமல்லாப் பருவத்தில் மொட்டையாக்கி, பால் விளைவைக் குறைத்துவருகின்றது. இலை உதிர்ந்தமையால் இழந்த பால் எவ்வளவு, கத்தி எடுக்க ஆளில்லாமையால் மரத்திலேயே தங்கிய பால் எவ்வளவு என்பதை நாட்டின் மொத்தத் தொகை காட்டாது. அதனைக் காட்டவல்லவை தோட்டந்தோறும் வைக்கப்படும் மூன்று பதிவுகள்: எத்தனை பேர் வெட்டினர் எனக் கூறும் செக்றோல், எத்தனை காலைகள் மழையாற் கெட்டன எனக் கூறும் மழைப் புத்தகம், வாளி வாளியாக ஸ்டோருக்கு வந்த பாலின் செறிவை மெற்றோலாக்கால் அளந்து எழுதிய கணக்கு. தோட்டங்கள் கைமாறும்போது இவை காணியுறுதிகளைப் போலப் பேணப்படுவதில்லை. சப்பிரகமுவவிற்கு ஒரு மாதிரிக் கணிப்பைச் செய்யப் புகுவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் கணனி அறையன்று. கறையான் ஏறுமுன் அத்தோட்டங்களின் கந்தோர் அலுமாரிகளே.